மஞ்சள் பட்ட அரை டாலர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கதை சொல்கிறவர்கள் ரிசல்ட்டைக் கடைசிவரை மறைத்து வைத்துக் கேட்கிறவர் வயிற்றில் புளியைக் கரைப்பது எனக்குப் பிடிக்காது. மார்பில் தெரிந்த அந்தச் சின்னக் கட்டி கெட்ட கட்டி இல்லை. டாக்டரே போன் செய்து சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு காசு தொலைந்தது. நான் சொல்ல வந்தது அந்தக் காசைப் பற்றித்தான்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. வங்கிக்குப் போய் அரை டாலர் ரோல்கள் வாங்கி வருவேன். ரோல் என்றால் காகிதத்தில் உருளையாகச் சுற்றி வைத்த காசு. வீட்டில் அதைப் பிரித்து, உள்ளே வெள்ளிக் காசு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் காசை நிஜமான வெள்ளியில் அடித்தார்கள். வெள்ளி விலை ஏறியதும் நடுவில் செம்பை வைத்து இரண்டு பக்கமும் வெள்ளையாக வேறு உலோகத்தை ஒட்டி அடிக்க ஆரம்பித்தார்கள். பழைய வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன, இல்லாவிட்டால் பதுக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் வீட்டைக் காலி செய்கிறவர்கள் யாராவது பழைய டப்பாவோடு கொண்டுபோய் வங்கியில் கொட்டிவிடுவார்கள். வங்கிக்கு அதுவும் அரை டாலர், இதுவும் அரை டாலர். எனக்கு அப்படி இல்லை.

எவ்வளவு சம்பாதித்தாய் என்று என் சிநேகிதிகள் கேட்பார்கள். ஒன்றும் பெரிதாக இல்லை. வெள்ளி கிடைக்காத வாரங்களே அதிகம். ஆனால் கிடைக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகத்தான். என் வேலை சாப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே நான் இலவசமாகச் செய்வதாகச் சொல்வார் என் கணவர்.

தேடுவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. காசின் முகத்தை நான் பார்ப்பதே இல்லை. ரோலைப் பிரித்ததும் அடுக்கு கலையாமல் உள்ளங்கையில் சாய்த்து வைத்து ஓரத்தை மட்டும் பார்ப்பேன். ஓரத்தில் செம்புக் கோடு ஓடினால் சாதாரணக் காசு. கோடு இல்லாமல் வெளுப்பாக இருந்தால் வெள்ளி. ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வெள்ளியை ஒரு சின்னக் கிண்ணத்தில் போடுவேன். மற்றதெல்லாம் சமையலறை ஜன்னலோரம் இருக்கிற பெரிய தாம்பாளத்தில் விழும். சனிக்கிழமை, நம் ஊர்க்காரர்களும் இந்தியக் கடைகளும் நிறைந்த ஐசலினுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது தாம்பாளத்தைப் பையில் கவிழ்த்து, அங்கே இருக்கிற இன்னொரு வங்கியில் கொடுத்துவிட்டு வருவேன். காசு வாங்குகிற வங்கியில் திருப்பிக் கொட்டக் கூடாது. கொட்டுகிற வங்கியில் வாங்கக் கூடாது. மீறினால் நாம் பார்த்துக் கழித்த காசே நம்மைத் தேடி வரும். இந்தப் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் இதுதான் முதல் சட்டம்.

என் கணவருக்கு இந்தப் பைத்தியம் கிடையாது. பக்திப் பைத்தியமும் கிடையாது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு வருவார். காரை நிறுத்திவிட்டு நேரே கேன்டீனுக்குப் போய்விடுவார். நான் சுற்றி முடித்து வருவதற்குள் ஒரு மசால் தோசையும் புளியோதரையும் முடிந்திருக்கும். யாராவது வேண்டுதல் என்று பேச்செடுத்தால் போதும், “சாமிக்கே லஞ்சமா?” என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை என் அக்கா திருச்சியிலிருந்து வந்திருந்தபோது இதைச் சொல்லி அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வருஷா வருஷம் எடுக்கிற மேமோகிராமில் ஏதோ தெரிகிறது என்று என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். பிறகு பயாப்சி செய்துவிட வேண்டும் என்றார்கள். ஊசி மாதிரி ஒன்றை விட்டுத் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வியாழக்கிழமை எடுத்தார்கள். பதில் வர அடுத்த வாரம் ஆகும் என்றார்கள். எனக்குப் பயமே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் என்றால் இரண்டே பேர், கணவரும் அக்காவும். டெக்சாஸில் காலேஜ் படிக்கிற மகனுக்குச் சொல்லவில்லை. பதில் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான்தான் முடிவு செய்தேன்.

பயந்தவர் அவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஃப்ரீவேயில் அவ்வளவு மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் ரசம் வைக்கிறேன் என்றார். இருபது வருஷமாக வராத கரிசனம். பாத்திரங்களை டிஷ்வாஷரில் நான் அடுக்குகிற மாதிரியே அடுக்கினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கே லேசாகக் கலக்கமாக இருந்தது.

“ஏங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க போய் உங்க மீட்டிங்க அட்டென்ட் பண்ணுங்க” என்றேன்.

“நான் என்ன பண்ணேன்? பாத்திரம்தானே வெச்சேன்” என்றார்.

சனிக்கிழமை வழக்கம்போல ஐசலினுக்குப் போனேன். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அவர் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார். தாம்பாளத்தைப் பையில் கவிழ்த்தேன், வங்கியில் கொடுத்தேன், முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தேன். போவதற்கு முன் துணி துவைக்கப் போட்டிருந்தேன். வந்து எடுத்தால் அவருடைய பனியனெல்லாம் திட்டுத் திட்டாக மஞ்சள். அடுப்புக் கைப்பிடியில் ஒரு கந்தல் துணி தொங்கிக்கொண்டிருந்ததைக் கரித்துணி என்று நினைத்து நான்தான் உள்ளே போட்டிருந்தேன். அதில் யாரோ மஞ்சள் தூளைக் கொட்டித் துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அந்த யாரோவைப் பெயர் சொல்லாமல் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். வழக்கமாகத் திருப்பிச் சொல்கிறவர் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவர் சமையலறைத் தரையில் மண்டியிட்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு டார்ச்?”

எழுந்து நின்றார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலோரம் காலியாக இருந்த தாம்பாளத்தைக் காட்டி, “இதுல இருந்ததெல்லாம் எங்க?” என்றார்.

“நேத்து பேங்க்ல குடுத்துட்டேன். சனிக்கிழமை குடுக்கறதுதானே?”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். ஏன்?”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. சொல்லட்டுமா வேண்டாமா என்று இரண்டு மூன்று முறை வாயைத் திறந்து மூடினார். கடைசியில் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அதுல ஒரு காசு நான் முடிஞ்சு வெக்கறதுக்காக எடுத்தது.”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. காசு முடிந்து வைப்பது என்றால் நம் வீடுகளில் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி முன் வைப்பார்கள். உடம்பு தேறினதும் கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்ப்பார்கள். என் மாமியார் செய்திருக்கிறார், என் அம்மா செய்திருக்கிறார். லஞ்சம் என்று கேலி செய்த இந்த மனிதர் செய்வார் என்று யார் நினைத்தார்கள்?

மெள்ள மெள்ளக் கதை வெளியே வந்தது. பயாப்சிக்கு மறுநாள் நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது செய்திருக்கிறார். வீட்டில் ஒரு ரூபாய்க் காசு தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. மஞ்சள் துணியும் இல்லை. பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் தூளைக் கரைத்து நனைத்து, அடுப்புக் கைப்பிடியில் காயப் போட்டிருக்கிறார். தாம்பாளத்திலிருந்து ஒரு அரை டாலரை எடுத்துக் கழுவி, அதற்கும் மஞ்சள் பூசியிருக்கிறார். துணி காய்கிற வரைக்கும் காசும் காயட்டும் என்று அதே தாம்பாளத்தின் ஓரத்தில் திருப்பி வைத்திருக்கிறார்.

“ஓரமாத்தான் வெச்சேன்” என்றார், ஓரமாக வைத்தால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி.

“பக்கத்துலயே வெள்ளி கிண்ணம் இருக்கு. சாமிக்குன்னு எடுக்கறவர் அதுலேர்ந்து ஒண்ணு எடுக்கக் கூடாதா? போயும் போயும் செம்புக் காசா?”

“அதுல கைவெச்சா நீ கண்டுபிடிச்சிருப்பியே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“சிரிக்காத. எடுத்து வெச்ச காசு தொலையக் கூடாது” என்றார்.  “அதுவும் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி.”

வேறொன்றை எடுத்து முடிந்துவிடலாமே என்றேன். முடியாது என்றார். உனக்காக என்று நினைத்து எடுத்தது அது, அதை வங்கியில் கொடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் சரியாக வராது என்றார். எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சாமி பேர் சொல்லணுமா?”

விலாசம் எழுதாமல் தபாலில் போட்ட மனிதர். எனக்கு ஒரே நேரத்தில் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் காபி போட்டேன். நாளைக்கு வங்கி திறந்ததும் போய்க் கேட்போம் என்றேன். அவர் காபியைக் குடிக்கவில்லை. அன்று முழுக்க தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வரப்போகிற பதில் அந்தக் காசில்தான் இருக்கிறது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். எவ்வளவு பேசியும் அவரை அதிலிருந்து இறக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், மாலைக்குள் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. காசு கிடைத்துவிட்டால் தேவலை என்று நானும் நினைக்க ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆபீஸுக்கு மத்தியானம்வரை லீவு சொல்லிவிட்டு ஐசலினுக்குப் போனோம். அந்த வங்கியில் கவுன்டரில் இருப்பவர் ஒரு குஜராத்திப் பெண். வாரா வாரம் காசுப் பையோடு வருகிற என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். வழக்கமாக என்னைப் பார்த்ததும் கொஞ்சம் முகம் சுளிப்பார். காசு எண்ணும் மெஷினில் கொட்டி, பிரித்து, மூட்டை கட்டுவது அவர் வேலைதானே.

என்னுடைய அரை டாலர்களைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். போன வாரம் கொடுத்ததை இந்த வாரம் ஏன் கேட்கிறீர்கள் என்றார். எப்படிச் சொல்வது என்று நான் ஆங்கிலத்தில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, இந்தி சுத்தமாகத் தெரியாத என் கணவர் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். தன் மார்பைத் தொட்டார், என்னைக் காட்டினார், “டாக்டர், ரிசல்ட்” என்றார், விரலால் முடிச்சுப் போடுகிற மாதிரி சைகை செய்தார், “ஹல்தி, காயின்” என்றார். மஞ்சளுக்கு இந்தியில் ஹல்தி என்று மட்டும் அவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

“மன்னத்தா?” என்றார் அந்தப் பெண். வேண்டுதல் என்று அர்த்தம். அவர் முகமே மாறிவிட்டது. சற்று இருங்கள் என்று உள்ளே போனார்.

அரை டாலர் மூட்டையை இன்னும் வண்டி வந்து எடுத்துப் போகவில்லை. கவுன்டரில் வைத்துப் பிரித்துத் தேட விடமாட்டார்கள். ஆனால் வேண்டுமானால் மூட்டையை அப்படியே வாங்கிக்கொள்ளலாம் என்றார். அரை டாலர் கொண்டுவருவது அநேகமாக நீங்கள் ஒருவர்தான், எப்போதாவது கடைக்காரர்கள் யாராவது ஒரு கைப்பிடி கொண்டுவருவார்கள், அதனால் உங்கள் காசு இதற்குள்தான் இருக்க வேண்டும் என்றார். கொட்டுகிற வங்கியில் வாங்கக் கூடாது என்கிற முதல் சட்டத்தை அன்றைக்கு நான் மீறினேன். மூட்டையைக் கார்வரை என் கணவரே தூக்கி வந்தார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

ஹாலில் பழைய பெட்ஷீட்டை விரித்துக் கொட்டினோம். எதிரெதிரே உட்கார்ந்தோம். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் காசுகளின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் பழைய ஜனாதிபதி ஒருவரின் பக்கவாட்டு முகம். மறுபக்கம் சிறகை விரித்த கழுகு. எத்தனை அழுக்கு, எத்தனை கீறல். ஒன்றில் நகப்பூச்சு ஒட்டியிருந்தது. இன்னொன்றில் யாரோ இரண்டு எழுத்தைச் செதுக்கி நடுவில் இதயம் போட்டிருந்தார்கள். ஓரத்தை மட்டும் பார்த்துக் கழித்துக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

“உங்க காசுல என்ன வருஷம் போட்டிருந்துது?” என்று கேட்டேன்.

“பாக்கல.”

“வேற ஏதாவது அடையாளம்?”

யோசித்தார். “ஒரு ஆள் மூஞ்சி இருந்துச்சு.”

என்னால் முடியவில்லை. பெட்ஷீட்டில் கிடந்த எல்லாவற்றிலும் அதே ஆள், அதே மூஞ்சி. இந்தத் தடவை அவரும் சிரித்துவிட்டார். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“கிடைச்சிடுச்சு! இதோ பாரு, இதோ பாரு!”

கழுகின் சிறகு இடுக்கில் மஞ்சள் அப்பியிருந்தது. முகத்தைச் சுற்றியிருந்த எழுத்துக்களின் குழிகளிலும் மஞ்சள். வாங்கி மோந்து பார்த்தேன். சாட்சாத் எங்கள் வீட்டு மஞ்சள்தூள் வாசனை. அவர் அதைப் பிடுங்கி இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். “அப்பாடா” என்றார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் “அப்பாடா” என்றார். ஒரு அரை டாலருக்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்படுவதை நான் பார்த்ததில்லை. வெள்ளி கிடைக்கிற அன்றைக்கு நானே இவ்வளவு ஆட்டம் போட்டதில்லை.

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். பெட்ஷீட்டின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துக் காசை மூட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது, என் கால் பக்கம் உருண்டு வந்து விழுந்தது இன்னொன்று. அதுவும் மஞ்சள்.

எடுத்துப் பார்த்தேன். அதே மாதிரி சிறகு இடுக்கில், அதே மாதிரி எழுத்துக் குழிகளில். நெற்றிப் பக்கம் குங்குமம் மாதிரி ஏதோ லேசாகச் சிவப்பு. குங்குமமோ, துருவோ. மோந்து பார்த்தேன். மஞ்சள்தான்.

“நீங்க ஒண்ணுதானே எடுத்தீங்க?”

“ஒண்ணுதான்.”

“குங்குமம் வெச்சீங்களா?”

“வெச்சேனா என்ன? ஞாபகமில்லையே.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எங்களுடையது எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஐசலினில் எத்தனை வீடு நம்மவர் வீடு, எத்தனை வீட்டில் மஞ்சள் டப்பா. எங்களைப் போலவே எவரோ ஒரு அரை டாலருக்கு மஞ்சள் பூசி, எதற்காகவோ எடுத்து வைத்திருக்கிறார். அது எப்படியோ கடைக்குப் போய், கடையிலிருந்து வங்கிக்குப் போய், என் ஹாலுக்கு வந்துவிட்டது. 

பிறகு அவர் எழுந்துபோய் வேட்டியில் புதிதாக ஒரு துண்டு கிழித்தார். மஞ்சளில் நனைத்தார். இந்தத் தடவை காய்கிறவரை பக்கத்திலேயே நின்றார். இரண்டு காசையும் ஒன்றாக வைத்து முடிந்தார்.

“ரெண்டையும் சேத்து முடிஞ்சா சாமிக்குக் குழம்பாதா?” என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

“அதெல்லாம் சாமிக்குத் தெரியும்” என்றார் லஞ்சம் என்று கேலி செய்தவர்.

புதன்கிழமை இந்தியக் கடை வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது என் போனில் ஆஸ்பத்திரி ஆப் சத்தம் கொடுத்தது. இங்கே டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே ரிசல்ட் போனுக்கு வந்துவிடும். அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை, நீயே பார் என்றார். திறந்தேன். ஒரு பக்கம் முழுக்க மருத்துவ ஆங்கிலம். என் கண் அதில் ஒரே ஒரு வார்த்தையைத் தேடிப் போய்ப் பிடித்தது. பினைன். அதாவது கெட்டது இல்லை. அதை நான் சத்தமாகப் படித்தேன். சரியாகப் படி என்றார். மறுபடியும் படித்தேன். போனை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். அதற்குள் டாக்டரே கூப்பிட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார்.

என் கணவர் காரைவிட்டு இறங்கி, கடை வாசலில் தள்ளுவண்டிகள் நிறுத்துகிற இடத்தில் சிமென்ட் திண்டின் மேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். கடைக்கு வந்த ஒரு ஆன்ட்டி பதறிப்போய் என்னிடம், “என்னம்மா ஆச்சு? ஊர்ல யாருக்காவது ஏதாவது…?” என்று கேட்டார். இல்லை ஆன்ட்டி, நல்ல சேதி என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் லேசாகி, பசி எடுத்தது. கடைக்குள் போய் இரண்டு சமோசா வாங்கிவந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டார்.

மகனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னோம். அவன் ஆங்கிலத்தில் கத்தினான். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று நியாயமாகத்தான் கத்தினான். வாங்கிக் கட்டிக்கொள்வதுகூட அன்றைக்கு இனிப்பாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அவர் கேன்டீன் பக்கம் திரும்பவில்லை. விலாசம் எழுதாத வேண்டுதல் என்பதால் எந்தச் சன்னதிக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் எல்லாச் சன்னதியிலும் நின்றார். கடைசியில் பெருமாள் முன் இருந்த உண்டியலுக்கு வந்தோம். முடிச்சை அவிழ்த்தார். இரண்டு காசும் உள்ளங்கையில் இருந்தன. போடாமல் நின்றார்.

“என்ன?”

“இதுல ஒண்ணுதானே நம்மது?”

“ரெண்டையும் போட்டுட்டு வாங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

“எப்படிப் போடறது? வேண்டினது நடந்தாத்தானே போடணும். நமக்கு நடந்துது. அவங்களுக்கு நடந்துதா?”

“நடந்திருக்கும். அதான் செலவு பண்ணிட்டாங்க.”

“நாம செலவா பண்ணோம்? தெரியாம போயிடுச்சு. அவங்களுக்கும் அப்படிப் போயிருந்தா?” காசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இன்னும் காத்துக்கிட்டிருந்தா?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.  எங்கேயிருந்து வந்ததோ தெரியவில்லை, அப்படி ஓர் அழுகை. பின்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பயமே இல்லை என்று சொன்னவள் நான். பயாப்சிக்கு மறுநாள் மீட்டிங் முடிந்ததும் நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியாது. அலமாரியில் இருந்த டப்பா ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். சீரகம், சோம்பு, உளுத்தம்பருப்பு, பயத்தம்பருப்பு. அவருக்குச் சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரியாது. நான் இல்லாவிட்டால் யாரைக் கேட்பார்? அவர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன, க்ளீனிங்கா?” என்று கேட்டதற்கு ஆமாம் என்றேன். ஐசலினிலோ வேறு எங்கேயோ, எனக்குத் தெரியாத ஒருவர் இந்நேரம் அப்படி ஒரு டப்பாவில் பெயர் எழுதிக்கொண்டிருக்கலாம்.

என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மறு கையில் இருந்ததில் ஒரு காசை உண்டியலில் போட்டார். எங்களுடையதா அவர்களுடையதா, தெரியாது. இன்னொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதை அதே துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் விளக்கேற்றும்போது அவரும் வந்து நிற்கிறார். யாருக்கு, என்னவென்று எங்களுக்குத் தெரியாது. நல்லபடியாக முடியட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறோம்.